பதினோரு நாட்டு நடைக்கு ஓர் ஊர்

தசரதன் கையைத் தூக்கியது சைவச் சாப்பாட்டுக்காக.

மலேசியாவில் ஈப்போ நகரத்து ஹோட்டல் ஒன்றில், மூத்தோர் வேகநடைக் கூட்டமைப்பின் கடைசி நாள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பதினோரு நாடுகளிலிருந்து வந்த, அறுபதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தசரதன் திருவண்ணாமலைக்காரர். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயரான பிறகும் கால் சும்மா இருக்க மறுத்ததால் வேகநடைக்கு வந்து, படிப்படியாக மலேசியா வரை வந்துவிட்டார். ஐந்து கிலோமீட்டரில் ஆறாம் இடம் கிடைத்தது. சாப்பாடுதான் கிடைக்கவில்லை. ஐந்து நாளாக ரொட்டியும் வாழைப்பழமும்.

முந்தின ராத்திரி ஹோட்டல்காரர் ஒருவர் மேடை ஏறி, சைவக்காரர்கள் கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுத்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். அதனால் இன்று மேடையிலிருந்த பெண் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுவிட்டு எல்லோரையும் பார்த்ததும், தசரதன் தாமதிக்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையை நேராக உயர்த்தினார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது.

"சைவம் சாப்பிடறதுக்கு இன்னாத்துக்குப்பா கை தட்றாங்க?" என்று பக்கத்தில் இருந்த முருகவேலைக் கேட்டார். முருகவேலும் அதே ஊர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். இருவரில் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர் அவர்தான்.

"அண்ணா, அடுத்த போட்டிய எந்த ஊர்ல நடத்தலாம்னு கேட்டாங்க. நீங்க நம்ம ஊர்ல நடத்தறேன்னு கை தூக்கிட்டீங்க."

"அய்யய்யோ. எழுந்து இல்லன்னு சொல்லுப்பா."

முருகவேல் பாதி எழுந்தார். அதற்குள் தாய்லாந்துக்காரர் சியாங் மாய்க்காகவும் இலங்கைக்காரர் கொழும்புக்காகவும் கை தூக்கிவிட்டார்கள். மேடையில் இருந்த பெண் மூன்று ஊர்களையும் வெள்ளைப் பலகையில் எழுதினாள். மற்ற இரண்டையும் சட்டென்று எழுதிவிட்டு, திருவண்ணாமலைக்கு முருகவேலிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டாள். பேர் பலகையின் ஓரம் வரை போய் அங்கே மடங்கிக் கீழே இறங்கியது. ஜப்பான்காரர்கள் மூன்று பேர் அதைச் சொல்லிப் பார்த்து, வராமல் சிரித்து, மறுபடி சொல்லிப் பார்த்தார்கள்.

இரண்டு வெளிநாட்டு ஊர்களுக்குக் கீழே தன் ஊர்ப் பேரைப் பார்த்தார் தசரதன். முருகவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு, பார்த்துக்கலாம்."

ஊர் திரும்பிய பத்தாம் நாள் கூட்டமைப்பிலிருந்து நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. தசரதனின் மகள் தென்றல், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஐந்தாறு நாட்டுக்காரர்களோடு தினமும் பேசிப் பழகிய வாய். வேலை முடிந்து வந்து, அப்பாவையும் அம்மாவையும் எதிரே உட்காரவைத்துக் கேள்விகளைத் தமிழில் வாசித்தாள். அம்மா வெள்ளையம்மாள் கிராம செவிலியராக இருந்தவள். கணவர் கை தூக்கிய கதையைக் கேட்டபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அது எழுதும்படியானது அல்ல.

"உங்க நகரம் ஒரே நாள்ல அதிகபட்சம் எத்தன வெளியூர்க்காரங்கள சமாளிச்சிருக்குதுன்னு கேக்கறாங்கப்பா."

"தீபத்தன்னிக்கா, சாதா நாள்லயா?"

"அதிகபட்சம்னா தீபம்தான்."

"இருபது லட்சம்னு போடு. ஜாஸ்தின்னும் சொல்றாங்க, நமக்கெதுக்கு. கம்மியாவே போடு."

"போட்டி நாளுக்குப் பக்கத்துல ஊர்ல வேற பெரிய நிகழ்ச்சி இருக்குமான்னு கேக்கறாங்க."

"மாசாமாசம் பௌர்ணமி இருக்குதே," என்றாள் வெள்ளையம்மாள். "அதையும் எழுது. அப்புறம் வந்து ரூம் இல்ல, பஸ் இல்லன்னு நிக்கக் கூடாது."

நான்கு நாள் கழித்து மரியாதையான பதில் ஒன்று வந்தது. பதினேழாம் கேள்விக்கான எண்ணில் பூஜ்ஜியங்கள் கூடுதலாக விழுந்துவிட்டதாகத் தெரிகிறது, சரிபார்த்து அனுப்பவும். பூஜ்ஜியங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன என்று தென்றல் எழுதி, தீபத்தன்று எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள். அடுத்த பதில் ஒரே வரி. நேரில் பார்க்க ஆள் வருகிறது.

வந்தவர் ஹெலினா, பின்லாந்துக்காரர். எழுபத்தொரு வயது, நெடுநெடுவென்று உயரம், கையில் கோலில் பொருத்திய அளவுச் சக்கரம். வந்தது மார்ச் மாதம். அவர் ஊரில் பனி முழங்கால் வரை கிடந்ததாம். இங்கே காலை ஏழு மணி வெயிலில் முகத்தை நிமிர்த்தி நின்றுகொண்டு, இதையே எங்களுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள் என்றார். தென்றல் மொழிபெயர்க்க, தசரதன் வெட்கப்பட்டார், வெயிலைத் தானே செய்து வைத்ததுபோல.

போட்டிக்கென்று தசரதன் மனதில் இருந்தது கிரிவலப் பாதைதான். பதினான்கு கிலோமீட்டர், நல்ல சாலை, விளக்கு, தண்ணீர், நடக்கவென்றே இருக்கிற வழி. இதைவிட என்ன வேண்டும்? ஹெலினா சக்கரத்தை உருட்டிக்கொண்டே நடந்தார். தசரதனும் தென்றலும் கூட நடந்தார்கள். அடி அண்ணாமலைக்கு வந்தபோது, பூ விற்கிற எல்லம்மாள் சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இன்னா சார், ரோடு அகலப்படுத்தப் போறாங்களா? கடைய எடுக்கணுமா?"

"அதெல்லாம் இல்லம்மா. வெளிநாட்டுக்காரங்க வந்து நடக்கப் போறாங்க. போட்டி. மூணு நாள் இந்த வழிய மறிச்சி விடுவாங்க."

எல்லம்மாள் சரத்தைக் கட்டி முடித்து நாரை அறுத்தாள். "அந்த மூணு நாளு சாமிய சுத்த வர்றவங்க எங்க சார் நடப்பாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கண்டக்டர் வேலையில் தசரதனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறுகிறவனை ஏற்றுவதற்காக உட்கார்ந்திருப்பவனை எழுப்பமாட்டார். இப்போது ஊரையே எழுப்பப் பார்க்கிறோமே என்று தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும் நின்று மகளிடம் சொன்னார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிடும்மா. இந்த வழி வேணாம். இது நடக்கறவங்களுக்கான வழி. போட்டிக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

தென்றல் சொன்னாள். ஹெலினா சக்கரத்தை நிறுத்தி, நிம்மதியாகச் சிரித்தார். அவரும் அதையேதான் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டு வந்தாராம். வேகநடையில் எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்கவேண்டும். இரண்டு காலையும் தூக்கினால் அது ஓட்டம். அதைக் கவனிக்க வழியெல்லாம் நடுவர்கள் நிற்கவேண்டும். பதினான்கு கிலோமீட்டருக்கு நடுவர்களுக்கு எங்கே போவது? தேவை, ஒரு கிலோமீட்டர் சுற்று. சமதளமாக, வண்டி வராமல், திருப்பங்கள் மெதுவாக. அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

இரண்டு நாளில் அவர் கிளம்பவேண்டும். தசரதனும் முருகவேலும் பைக்கில் ஊரைச் சுற்றினார்கள். பள்ளி மைதானம் சின்னது. ஏரிக்கரை மேடும் பள்ளமும். பைபாஸை யார் தருவார்? ஹெலினா அடுத்துப் பார்க்கப் போவது சியாங் மாய். அங்கே சுற்றுப்பாதையோடு ஒரு பெரிய விளையாட்டு அரங்கமே இருப்பதாக முருகவேல் போனில் பார்த்துச் சொன்னார்.

"நம்ம ஊர்ல தார் ரோடு போட்டுட்டு எவனும் போகாத எடம் எங்கப்பா இருக்குது?" என்றார் தசரதன், டீ டம்ளரைக் கீழே வைத்தபடி.

முருகவேல் சட்டென்று நிமிர்ந்தார். "இருக்குதுண்ணா. வேங்கிக்கால்ல. நான்தான் அங்க போஸ்ட் நட்டேன்."

வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டி உள்ளே போனால் அப்பாதுரை என்பவர் போட்ட மனைப்பிரிவு. அகலமான தார்ச்சாலை, இருபுறமும் வேப்பங்கன்றுகள், தெருவிளக்கு, பூங்கா என்று எழுதிய பலகை, நூற்றிருபது மனைகள், ஒரே ஒரு வீடு. அந்த வீட்டிலும் காவல்காரர்தான் இருந்தார். அப்பாதுரை நீல நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, மனை வாங்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார். தசரதனும் தென்றலும் ஹெலினாவும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து சட்டையைச் சரிசெய்தார்.

"வெளிநாட்டம்மா பேர்ல கிரயம் பண்ண முடியாதுங்க. உங்க பேர்ல வேணா பண்ணலாம்."

தசரதன் விஷயத்தைச் சொன்னதும் அப்பாதுரை ஆளில்லாத ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். "பதினோரு நாட்டுக்காரங்க இந்த ரோட்டுல நடப்பாங்களா?"

"மூணு நாளு. பேப்பர்லயும் வரும்."

"நடக்கட்டும் சார். உள்ளூர்க்காரங்க யாரும் நடக்க மாட்டேன்றாங்க."

ஹெலினா சக்கரத்தை உருட்டிக்கொண்டு முழுச் சுற்றும் போய் வந்தார். நூல் பிடித்ததுபோல் சமதளம். திருப்பங்கள் வளைவானவை; பெரிய கார் திரும்பவேண்டும் என்று அப்பாதுரை பார்த்துப் பார்த்துப் போட்டவை. அளவு ஆயிரத்து நான்கு மீட்டர்.

"நாலு மீட்டர்தானே," என்றார் அப்பாதுரை. "எல்லைக் கல்ல நகத்தி நட்டுடலாம்."

தென்றல் இதை மொழிபெயர்க்கலாமா என்று அப்பாவைப் பார்த்தாள். தேவையில்லாமல் போயிற்று. புறப்படும் கோட்டை இருபது மீட்டர் முன்னால் தள்ளிப் போட்டால் ஐந்து சுற்றுக்குக் கணக்கு சரியாகிவிடும் என்று ஹெலினாவே சொன்னார்.

ஓட்டெடுப்பு மே மாதம், கணினி வழியாக. நாட்டுக்கு ஓர் ஓட்டு, மொத்தம் பதினொன்று. ஒவ்வோர் ஊருக்கும் பேச மூன்று நிமிடம். சியாங் மாய்க்காரர்கள் அருமையான படம் காட்டினார்கள். கொழும்புக்காரர் கடற்கரைச் சாலையைக் காட்டினார். தசரதன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் தமிழில் பேசினார். தென்றல் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எங்க ஊர்ல ஸ்டேடியம் பெருசா கிடையாது. பக்கத்துல ஏர்போர்ட் கிடையாது. சென்னையில எறங்கி நாலு மணி நேரம் பஸ்ல வரணும். ஆனா வெளியூர்க்காரங்க வர்றது எங்களுக்குப் பழக்கம். வர்றவங்களுக்குச் சோறு போடறதும் வழி சொல்றதும் பழக்கம். பெரிய ஊருங்க போட்டி நடத்தணும்னா அதுக்குன்னு ஊர மாத்துவாங்க. நாங்க எதையும் மாத்தப் போறதில்ல. ஜனவரி கடைசியில காலையில குளுருது. வாங்க."

முதல் சுற்றில் சியாங் மாய்க்கு ஐந்து, திருவண்ணாமலைக்கு நான்கு, கொழும்புக்கு இரண்டு. கொழும்பு வெளியேறியது. இரண்டாம் சுற்றுக்குப் பத்து நிமிடம் இடைவேளை. தசரதனால் உட்கார முடியவில்லை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே வேகநடையாகவே போய்வந்தார். வெள்ளையம்மாள் அவர் கையில் மோர் டம்ளரைத் திணித்தாள்.

"கெடைக்கலன்னா இன்னா இப்போ? மலேசியாவுல அஞ்சு நாள் பட்டினி கெடந்தீங்களே, அதவிடவா?"

"கெடச்சா?"

"கெடச்சா அந்த எடத்துல கக்கூஸ் இல்ல. அந்த ஒரே வீட்டுல ஒண்ணுதான் இருக்குது. வர்ற எரநூறு பேரும் வயசானவங்க. அத யோசிச்சீங்களா?"

அவர் யோசித்திருக்கவில்லை. அதற்குள் தென்றல் உள்ளிருந்து கூப்பிட்டாள். கொழும்பின் இரண்டு ஓட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஆறுக்கு ஐந்து. இலங்கைப் பிரதிநிதி திரையில் கும்பிட்டு, தமிழிலேயே, "அண்ணாமலையாரைப் பாக்க ஆசைப்பட்டுக்கொண்டு இருந்தனான் ஐயா," என்றார். தசரதன் திரும்பக் கும்பிட்டார். வெள்ளையம்மாள் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, நடமாடும் கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டியவர்களின் பேர்களை எழுதத் தொடங்கியிருந்தாள்.

ஜனவரி கடைசி வாரம், மூடுபனி விலகாத காலையில், வேங்கிக்கால் மனைப்பிரிவில் பதினோரு கொடிகள் பறந்தன. எட்டுக் கழிப்பறைகள் வரிசையாக நின்றன. வெள்ளையம்மாளின் பழைய செவிலியர் தோழிகள் நான்கு பேர் முதலுதவிக்கு. கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தவர்கள்கூட மனுவைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுபது வயதுப் பெண்கள் பிரிவில் ஹெலினா இடுப்பை ஆட்டி ஆட்டிக் கடந்துபோனபோது, காவல்காரரின் மனைவி சரசு, "பாட்டி, வுடாத," என்று கத்தினாள். அது என்ன மொழி என்று தெரியாமலே ஹெலினா வேகத்தைக் கூட்டி முதலாவதாக வந்தார்.

தசரதன் மூன்று நாளும் ஓடிக்கொண்டே இருந்தார். பஸ் வந்ததா, தண்ணீர் இருக்கிறதா, ஜப்பான்காரர் தொலைத்த தொப்பி கிடைத்ததா. தன் பிரிவுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்ததையே மறந்துபோனார். ஒலிபெருக்கியில் அவர் பேரைச் சொன்னபோது, இட்லிப் பாத்திரத்தை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"அத வெச்சிட்டுப் போங்க," என்றாள் வெள்ளையம்மாள். வேட்டியை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே அரைக்கால் சட்டை இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, கோட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

ஐந்து சுற்று. மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கியது. மூன்று நாள் தூக்கமில்லை. வலப்பக்கம் பனி விலகி, மலை முழுசாகத் தெரிந்தது. முன்னால் பதினோரு பேர் போய்க்கொண்டிருந்தார்கள், பின்னால் இரண்டு பேர். இலங்கைக்காரர் கடந்து போகும்போது, "இட்லி எத்தனை மணிக்கு ஐயா?" என்று கேட்டார்.

"நீங்க முடிச்சதும்," என்றார் தசரதன், ஒரு கால் தரையில் இருக்கும்படி நடந்துகொண்டே.