ஜெபித்த கருப்பட்டி

என் கணவர் ராசையா சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை, நான் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சாட்சியில் ஒரு பொய் இருந்தது. அவருக்கே அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு வருசமா என் சாப்பாட்டுல யாரோ என்னத்தையோ கலக்குதாவன்னு நெனச்சிட்டுக் கெடந்தேன்" என்றார் மைக்கில். "கூடப் பொறந்த தம்பியச் சந்தேகப்பட்டேன். கட்டுன பொண்டாட்டியச் சந்தேகப்பட்டேன். டாக்டர் குடுத்த மாத்திரையச் சாக்கடையில போட்டேன். நம்ம பாஸ்டர் ஐயா ஜெபிச்சுக் குடுத்த கருப்பட்டியில காப்பி போட்டுக் குடிச்சேன். அம்புட்டுதான். நாலே மாசத்துல கர்த்தர் என்னைய விடுவிச்சாரு."

அல்லேலூயா சத்தத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. நானும் சொன்னேன். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள்.

ராயபுரத்தில் எங்களுக்குத் தார்ப்பாய், கயிறு மொத்தக் கடை. துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து என் மாமனார் காலத்தில் வந்த குடும்பம். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் உப்பு குறைந்தது என்றுகூட ஒரு நாள் சொல்லாத மனிதர், போன வருடம் திடீரென்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏளா, ஒங்கையக் காட்டு" என்று என் விரல்களை மோந்து பார்த்தார். அதன் பிறகு தானே உடைத்த தேங்காய், ஓட்டோடு அவித்த முட்டை, வாழைப்பழம். கடைசியில் வாழைப்பழத் தோலிலும் ஊசி குத்திய அடையாளம் தேட ஆரம்பித்தார். சட்டை அவர்மேல் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஊரிலிருந்து மாமியார் போன் போட்டு, பங்காளிகள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழுதார். கடைக்கு வருகிற டிரைவர் ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூன்று தடவை சுற்றி நாற்சந்தியில் போடச் சொன்னார். பாஸ்டர் அன்பரசன், பிசாசின் கட்டு என்றார். திருவொற்றியூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ரேச்சல், மூளையில் ஏதோ ஒரு சுரப்பு கூடிவிட்டது என்று படம் வரைந்து காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். எனக்குக் காரணமா வேண்டியிருந்தது? அவருக்குள் ஒரு வாய்ச் சோறு போக வழி வேண்டும். அதை ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை நான் தனியாகப் போய் அழுதபோது டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். நிறமில்லாத சொட்டு மருந்து.

"தெரியாமக் குடுக்கிறது எனக்குப் பிடிக்காதும்மா" என்றார். "ஆனா இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் தெளிஞ்சதும் நீங்களே அவர்கிட்ட சொல்லிடணும். டீயில கலக்காதீங்க, மருந்து கெட்டுடும். காபியில கலக்கலாம்."

மருந்து கிடைத்து என்ன பயன்? என் கையால் அவர் தண்ணீர்கூட வாங்கமாட்டார். அந்தச் சமயத்தில்தான் பாஸ்டர் மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து பனையோலைக் கொட்டானில் வந்த கருப்பட்டி மேசைமேல் இருந்தது. ஒரு கையை அதன்மேலும் மறு கையை இவர் தலையிலும் வைத்து முக்கால் மணி நேரம் ஜெபித்தார். பாஸ்டருக்கு வேர்த்து ஊற்றியது. "இனி இதை எந்தப் பிசாசும் தொடாது" என்றார். என் கணவர் குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் காலையில், "அந்தக் கருப்பட்டியில காப்பி போடு" என்று அவராகவே கேட்டார்.

போட்டேன். டாக்டர் சொன்ன அளவு சொட்டும் விட்டேன். அவர் குடித்தார்.

ஜெபம் அவர் வாயைத் திறந்தது. மருந்து உள்ளே போனது. இதில் எது பெரிது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் இரண்டுக்கும் நடுவில் கரண்டியோடு நின்றவள்.

மூன்றாவது வாரம் தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டார். இரண்டாம் மாதம் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். மாதாமாதம் டாக்டர், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். "அடுத்த மாசம்" என்பேன். என்ன சொல்வது? உங்கள் சாப்பாட்டில் ஒருத்தி கலக்கிறாள் என்று நீங்கள் பயந்தீர்களே, அந்த ஒருத்தி நான்தான் என்றா? சொன்னால் பழையபடி ஆகிவிடுவார் என்று பயந்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

அந்தச் சாட்சிக்குப் பிறகு பாஸ்டர் வீட்டு வாசலில் கருப்பட்டியோடு ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். தலைவலி, குழந்தையின்மை, குடி என்று எல்லாவற்றுக்கும் கருப்பட்டி. எனக்கு உள்ளூரச் சிரிப்பாகக்கூட இருந்தது. எங்கள் மங்கம்மா வேலைக்கு வராமல் நிற்கும் வரைக்கும்.

மங்கம்மா எங்கள் கடையில் தார்ப்பாய் ஓரத்தை மடித்துத் தைத்து, கயிறு கோக்க வளையம் அடிப்பவள். எங்கள் சபைதான். அவள் மகள் மதிக்கு இருபத்து மூன்று வயது. காதில் குரல்கள் கேட்கும் வியாதி. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் இரண்டு வருடமாக நன்றாக இருந்து, ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். நான்கு நாளாக மங்கம்மாவைக் காணவில்லை, போனும் எடுக்கவில்லை என்றதும் கொருக்குப்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது; என் குரல் கேட்டபிறகுதான் மங்கம்மா திறந்தாள். மதி சுவரோரம் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெளியே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டி போய் ஓய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"தூங்கியே பதினோரு நாளாவுதுக்கா" என்றாள் மங்கம்மா. "முந்தாநேத்து கூட்ஸ் லைன்ல போய் நின்னுகினு இருந்துச்சு. டிராக்குல வேல செய்றவங்கதான் இட்டாந்து வுட்டாங்க. அதான் கதவ சாத்திகினு கெடக்குறேன்."

"மாத்திரை?"

"நிறுத்திட்டேன்கா. அண்ணனுக்கு கருப்பட்டிலயே நல்லாயிடுச்சே. ரெண்டும் குடுத்தா சாமி மேல நம்பிக்க இல்லன்னு ஆயிடாதா?"

"எவன் சொன்னான்?" என்று கத்திவிட்டேன்.

"யாரும் சொல்லல. எனக்காதான் தோணிச்சு."

"மாத்திரையக் குடு மங்கம்மா, என் பேச்சைக் கேளு" என்றேன். மதி தலையைத் தூக்கினாள். "அண்ணனுக்கு இன்னா மாத்திரை குடுத்தாங்க? ஒண்ணும் இல்லல்ல? எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றாள். அலமாரியில் எங்கள் வீட்டில் இருந்தது போலவே ஒரு கருப்பட்டிக் கொட்டான். "அண்ணன் வந்து சொல்லட்டும்கா, குடுக்கறேன்" என்றாள் மங்கம்மா.

உண்மை தொண்டை வரை வந்தது. கணவரிடம் சொல்லாததை இவர்களிடம் முதலில் சொல்வதா? ஒரு பெண் தண்டவாளத்தில் போய் நின்றிருக்கிறாள், நான் முறை பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பிரசங்கத்தில் பைபிள் தமிழ் பேசுகிற மனிதர், வீட்டில் அசல் ராயபுரம்.

"இன்னாமா சொல்றே! நான் யாரையும் மாத்திரைய நிறுத்துன்னு சொன்னதே இல்லியே."

"நிறுத்தாதேன்னும் சொன்னதில்லையே ஐயா."

டிபன் தட்டுக்குப் பக்கத்தில் சர்க்கரை மாத்திரை அட்டை கிடந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வருசமா ஜெபம் பண்ணிட்டுத்தான் இத முழுங்குறேன். சபைல ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "மங்கம்மாகிட்ட நான் பேசுறேன். ஆனா அந்தப் பொண்ணு என் பேச்ச கேக்காது. சாட்சி சொன்னது உன் வூட்டுக்காரரு. அவுருதான்மா மாத்தி சொல்லணும்" என்றார்.

மறுநாள் காலை காபியில் நான் எதையும் விடவில்லை. கடையில் அவர் கயிறு அளந்துகொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"நீங்க குடிச்ச காப்பியில நான் மருந்து ஊத்துனேன். நாலு மாசத்துக்கு மேலயே. தெனமும்."

கயிறு கையிலேயே நின்றது.

"அப்ப நான் நெனச்சது சரிதான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை மாதம் பயந்தேன். "கலந்தது நெசந்தான். ஒங்களப் பொழைக்க வைக்கக் கலந்தேன்" என்று அழுதேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மதி தண்டவாளத்தில் நின்றதைச் சொன்னேன். கையை நீட்டினார். குப்பியைக் கொடுத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணி வரை ஆள் இல்லை. வந்த வாடிக்கைக்காரர்களுக்கு அளவு மாற்றி வெட்டிக் கொடுத்தேன். மதியைக் காப்பாற்றப் போய் இவரைத் தொலைத்துவிட்டேனோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். "டாக்டரம்மாவப் பாத்துட்டு வாரேன். இந்த மருந்து இல்லாம நான் தெளிஞ்சிருப்பனான்னு கேட்டேன். ரொம்பக் கஷ்டம்னாவ. ஐயா ஜெபிக்காட்டா அது எனக்குள்ள போயிருக்குமான்னு கேட்டேன். அது எனக்குத் தெரியாதுன்னாவ." முகத்தைத் துடைத்தார். "ஒரு வருசமா எல்லாரும் தெரியும் தெரியும்னுதான சொன்னாவ. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு அவியதான். அதான் நம்புதேன். மதிக்கும் என்ன செய்யணும்னு கேட்டுட்டேன். எந்திரி, கொருக்குப்பேட்டைக்குப் போவோம்."

நான் ஏறினேனா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

மதிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டம்ளரில் தண்ணீர் வாங்கி, குப்பியைத் திறந்து, அன்றைய அளவை அவள் பார்க்கவே அளந்து விட்டுக் குடித்தார்.

"நான் சபையில சொன்னது பாதிதான் பாப்பா. மீதி எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். எனக்கு என் பொண்டாட்டி தெரியாமக் குடுத்தா. ஒனக்கு ஒங்கம்மா சொல்லிட்டுக் குடுக்கா. நீ என்னைவிடக் குடுத்து வச்சவ."

மதி அவரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கசக்குமா?" என்றாள்.

"கசக்கும். அதுக்குத்தான் கருப்பட்டி."

மங்கம்மா ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து மாத்திரையை எடுத்து வந்தாள். மதி வாங்கி விழுங்கிவிட்டு, ஒரு துண்டுக் கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் பாஸ்டரே ஆட்டோ பிடித்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அடுத்த ஞாயிறு இவர் மறுபடி மைக்கைப் பிடித்து முழுச் சாட்சியையும் சொன்னார். இந்தத் தடவை கூரை அதிரவில்லை. பாஸ்டர் மட்டும் சத்தமாக ஆமென் என்றார். இரண்டு குடும்பங்கள் அதோடு சபைக்கு வருவதில்லை. மங்கம்மா வேலைக்கு வந்துவிட்டாள். மதி இப்போது தூங்குகிறாளாம்.

எனக்குத்தான் தண்டனை. அன்றிலிருந்து தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார், சொட்டையும் தானே விட்டுக்கொண்டார். சோறு சாப்பிடுவார், ஆனால் என் கையால் காபி மட்டும் வேண்டாம். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அடுப்படியிலிருந்து இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் காபி போட்டது அதுதான் முதல் தடவை. வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோகும்முன் கண் தானாக டம்ளருக்குள் போனது. ஒரு நொடிதான். நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாளா?" என்றார்.

"என்னத்த?"

"குடிக்கதுக்கு முந்தி உள்ள பாத்தேல்லா, அந்த ஒரு நொடி. ஒரு வருசம் நான் அதுக்குள்ளதான் கெடந்தேன்."

டாக்டர் படம் வரைந்தும் பாஸ்டர் வசனம் சொல்லியும் எனக்குப் புரியாத அவர் வியாதி அப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தேன். இனிப்பு கூடியிருந்தது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.