வந்த ஆறு நாட்கள்

அந்தக் கம்பெனியில் ஒன்பதாயிரம் பேர். அவர்களுடைய வருகை, வேலை, விடுப்பு எல்லாவற்றையும் எண்களாக வாங்கி அலசிச் சொல்ல ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் தலைவி அவள்.

புதன்கிழமை காலை, குழுவில் எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, கிடங்கு வருகைப் பதிவுல ஒரு கோளாறு. கார்டு தேய்க்கிற மெஷின் ரிப்பேர்னா அந்தக் கட்டம் காலியா வருது. காலியா இருந்தா நம்ம புரோகிராம் 'வரலை'ன்னு எடுத்துக்குது."

"யார் யாருக்குப் பாதிப்பு?"

"பதினொரு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கு. பேக்கிங்ல ஒரு அம்மா வேலையையே விட்டுட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். "போன வருஷம் நம்ம குழுவை விட்டு விலகிப் போனாரே, அவர் எழுதின புரோகிராம் வரியாத்தான் இருக்கும்."

அவள் அந்த வரியைப் பார்த்தாள். மூன்று வருடம் முன்பு, அறிக்கை கேட்டு அவசரப்படுத்திய ஒரு மதியத்தில் அவளே எழுதியது. அப்புறம் சரி பண்ணிக்கலாம் என்று நினைத்ததுகூட ஞாபகம் வந்தது.

"நான் எழுதினதுப்பா."

தாடி தரையைப் பார்த்தான்.

மேலாளர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போனவன் திரும்பி வந்து சண்டையா போடப் போறான்? அவன் தலையில போட்டுடுங்க. உங்க பதவி உயர்வு ஃபைல் என்கிட்டதான் இருக்கு."

"முழுப் பூசணிக்காய் சோத்துல மறையாது சார். கடிதங்களை இன்னிக்கே வாபஸ் வாங்கணும். காரணத்தை என் பேர் போட்டு எழுதித் தரேன்."

"உங்க இஷ்டம்."

கடிதங்கள் சாயங்காலத்துக்குள் வாபஸாயின. அவள் மாடிப்படியில் நின்று பேக்கிங் அம்மாவுக்கு போன் செய்தாள். தப்பு தன்னுடையது, வேலைக்குத் திரும்பலாம் என்றாள்.

"ஆறு நாள் வரலைன்னு எழுதியிருந்தாங்க," என்றாள் அந்த அம்மா. "ஆறு நாளும் வந்தேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னாரு சூப்பர்வைசர். வீட்டுக்காரரும் நம்பலை. 'அப்ப எங்கதான் போனே'ன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்குறாரு. வேலை வேணாம், வேற இடத்துல சேர்ந்துட்டேன். நான் வந்தேன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பதவி உயர்வு ஃபைல் மறுநாளே கையெழுத்தாகாமல் திரும்பிப் போனது. குழுவைத் தாடியிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவும் வந்தது.

சனிக்கிழமை அவள் காகிதத்தோடு அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து வந்த அந்த அம்மா, "அது என்னுது," என்று அதை அவர் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.