இடப்பக்கத் தலைவர்

தோளுக்கு மேலே கைகளை உயர்த்தி வண்டி ஓட்டுகிறவன்தான் சுதந்திர மனிதன் என்பது டெஸ்மண்ட் ப்ரூட்டின் தத்துவம். வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சுதந்திரத்துக்கு ஆக்ஸிலேட்டர் கேபிள் நான்கு விரற்கடை பற்றவில்லை.

ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றங்கரையிலுள்ள அந்த ஊரின் மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு டெஸ் தலைவர். டிசம்பர் தோறும் ஐம்பது வண்டிகள் ஊர்வலமாக ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் பொம்மை கொண்டுபோகும். முதல் வண்டியில் தலைவர், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில். மறுநாள் அந்த ஊர்வலம். அதற்காகத்தான் தன் வண்டிக்கு ஒரு முழம் உயர்ந்த புதுக் கைப்பிடி. கேபிளையும் பிரேக் குழாயையும் ஒரு முழம் கூட்டியே வரவழைத்திருந்தார். கைப்பிடி மேலே போனதோடு பின்னாலும் வளைந்து வந்தது அவர் கணக்கில் ஏறவில்லை. நேராக வைத்தால் எல்லாம் எட்டியது. வலப்பக்கம் திருப்பினால் கேபிள் இழுபட்டு, யாரும் முறுக்காமலே எஞ்சின் அலறியது.

"தப்பான சாமான அனுப்பிட்டான் திருட்டுப் பய!" ஸ்பானர் சுவரில் போய் மோதியது.

"நீ சொன்ன அளவத்தானே அனுப்பினான்," என்றாள் மனைவி மாரீன். "பழசையே மாட்டு."

"பழசா? தபால்காரன் மாதிரி போகச் சொல்றியா?"

சத்தம் கேட்டு உபதலைவர் கிளைவ் பீர் புட்டியோடு வந்தான். கைப்பிடியை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். எஞ்சின் அலறியதும் சிரித்தான்.

"மச்சான், நாளைக்கு நான் முன்னால போறேன். நீ என் பின்னால உக்காந்து தாடியப் பிடிச்சுக்கோ."

"எத்தன வருஷமாடா இந்தப் பதவிக்கு நாக்கத் தொங்கப்போட்டுட்டு அலையிற? போடா வெளிய!"

கிளைவ் போனதும் டெஸ் ஊர் வரைபடத்தை விரித்தார்; பென்சில் முனை ஒடிந்தது. "வலப்பக்கம் எதுக்கு? மூணு தடவ இடப்பக்கம் திரும்பினா அதுவே வலப்பக்கம்."

"அப்போ மூணு தடவ கோவப்பட்டா அது நிதானமா?" என்றாள் மாரீன்.

மறுநாள் கொளுத்துகிற வெயிலில், பஞ்சுத்தாடிக்குள் வியர்வை ஓட, டெஸ் படையை நடத்திப் போனார். இடம், இடம், மறுபடி இடம். ரொட்டிக்கடையை இரண்டு முறை கடந்தார்கள். முதல் முறை உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு ரவுண்டானா. அவர் ஆயிரம் முறை சுற்றியதுதான்; வரைபடத்தில் அது வெறும் புள்ளி. நடுத்திட்டைச் சுற்ற வலப்பக்கம் வளைந்தே ஆகவேண்டும். டெஸ் வளைத்தார். எஞ்சின் அலறியது. வண்டி திட்டின் மேலேறி, ரோஜாச் செடிகளுக்குள் போய் அணைந்தது.

"நில்லுங்கடா! தலைவன விட்டுட்டு எங்கடா போறீங்க?" வாய்க்குள் பாதித் தாடி.

மற்ற வண்டிகள் எல்லாம் கிளைவின் பின்னால் வரிசையாக, வலப்பக்க விளக்கைப் போட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயின.