சிசிலியின் வசனம்

1

இந்தக் கதை இரக்கத்தில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. லண்டனில், தேம்ஸ் தென்கரையில், நான் பதினேழு வருடமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் நாடகம் ஒன்றை மேடையேற்றினார்கள். சுவரொட்டியில் விளக்குப் போட்டவர் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. அந்த ஆத்திரத்தில் நானூறு வருடம் பின்னால் போய், இதே கரையில் என்னைவிடக் கேவலப்பட்ட ஒருத்தனைத் தேடினேன். அகப்பட்டவன் ஹம்ஃப்ரி டால், நாடகம் எழுதுகிறவன். (அப்படி ஒருவன் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அவன் பெயரை யார் போட்டிருக்கப்போகிறார்கள்?)

2

முதல் தொடக்கம்: கொள்ளைநோய் ஓய்ந்து, இன்று ஆட்டம் உண்டு என்று கொட்டகைக் கூரையில் மறுபடி கொடி ஏறிய அந்தப் பொன்னிற வெயில் காலையில்—

வேண்டாம். லண்டனில் ஏது பொன்னிற வெயில்.

இரண்டாவது: நோய்க்காலத்தில் லண்டன் கொட்டகைகளை மூடிவிட்டதால் வெளியூர் சுற்றப்போன நாடகக் குழுவின் வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. ஆள்சேதம் இல்லை, ஹம்ஃப்ரியின் நாடகம் போய்விட்டது. முழுப் பிரதி ஒன்றே ஒன்றுதான், அதுவும் குழுவின் சொத்து. இன்னொன்று எடுத்தால் எதிர்க்கொட்டகைக்காரன் திருடிவிடுவான் என்று, எழுதியவனுக்கே கொடுக்கமாட்டார்கள். வீட்டில் கிடந்த கிறுக்கல் தாள்களை அவன் மனைவி டொர்கஸ் அப்பத்தட்டுக்கு அடியில் போட்டுத் தீர்த்திருந்தாள்.

ஆனால் நடிகர்களிடம் சுருள்கள் இருந்தன. ஒவ்வொருவனுக்கும் அவனவன் வசனம் மட்டும் எழுதிய நீளத்தாள். அவனுக்கு முன்னால் பேசுகிறவனின் கடைசி மூன்று வார்த்தையை மட்டும், ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அந்த மூன்றும் காதில் விழுந்தால் வாயைத் திறக்கவேண்டும், விழாவிட்டால் சும்மா நிற்கவேண்டும். ஹம்ஃப்ரி வீடு வீடாக அலைந்து எல்லாச் சுருளையும் சேர்த்துவிட்டான், ஒன்றைத் தவிர. சாகும் மகளாக வேடம் கட்டிய பையன் டோபியஸ் நோயில் போய்ச் சேர்ந்திருந்தான். அவன் படுக்கையோடு சுருளையும் கொளுத்திவிட்டார்கள்.

3

குழுத்தலைவன் ரோலண்ட் பிக். நாடகத்தில் தகப்பன் வேடம் அவனுக்குத்தான்.

"என்னய்யா புலவரே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? பொண்ணோட பேச்சு மட்டும்தானே போச்சு. திங்கக்கெழம ஆட்டம். எழுதிக் குடு."

"அது நான் எழுதுனதில்ல ரோலண்ட். என் மக சிசிலி சாகும்போது சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை."

"அப்ப ஞாபகம் இருக்குமே."

இல்லை. தாளில் எழுதியதோடு தலையிலிருந்து இறங்கிப்போய்விட்டது.

"புதுசா எழுதுய்யா, யாருக்குத் தெரியப்போவுது. கடைசி மூணு வார்த்தைய மட்டும் மாத்திராத. அதக் கேட்டாத்தான் எனக்கு வாய் வரும். இந்த வயசுல இன்னொரு தடவ நெட்டுரு போட என்னால ஆகாது."

ரோலண்டின் சுருளில் மகளுடைய பேச்சு இவ்வளவுதான் மிஞ்சியிருந்தது:

———— இப்போது வலி இல்லை

———— உங்கள்மேல் குறை இல்லை

———— வந்ததே போதும் அப்பா

(இந்த இடத்தில் எனக்கு ஹம்ஃப்ரிமேல் சந்தேகம் வந்தது. பெற்ற மகளின் கடைசிப் பேச்சை ஒருவன் மறப்பானா? இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பிறகு அவனை அவன் மனைவியிடமே அனுப்பினேன்.)

4

டொர்கஸ் விலாங்குமீனுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரோலண்டின் சுருளில் இருந்த மூன்று வரியையும் அவன் படித்துக் காட்டினான்.

"இது யாரு சொன்னது?"

"நம்ம சிசிலிதான்."

"எப்ப?"

"என்னடி கேக்குற. கடைசியில."

"கடைசியில நீங்க எங்க இருந்தீங்க?"

அன்று அவனுடைய வேறொரு நாடகத்தின் முதல் ஆட்டம். இரண்டாம் அங்கம் நடக்கும்போதே வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். கைதட்டலைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவன் நின்றுவிட்டான்.

"வந்ததே போதும்னாளாமா? நீங்க வரும்போது நான் அவளக் குளிப்பாட்டி முடிச்சாச்சு."

"அப்ப அவ என்னதான் சொன்னா?"

டொர்கஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "வாசல்ல கால்சத்தம் கேட்டப்பல்லாம் 'அப்பாவா?'ன்னா. தண்ணிக்காரன் வந்தான், 'அப்பாவா?' பக்கத்து வீட்டுக்காரி வந்தா, 'அப்பாவா?' வேற ஒரு பேச்சு பேசல. அத எழுதிக் குடுங்க உங்க ரோலண்டுக்கு."

ஆக, தன்னைத் தானே மன்னிப்பதற்கான வசனத்தை எழுதி, செத்த மகள் வாயில் போட்டுவிட்டான். நோய் வருவதற்கு முன்னால் பதினோரு ஆட்டம் ஊர் அழுதது. அவனும் கூட நின்று அழுது, அழ அழ அதை நம்பிவிட்டான். இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் இடத்தில் நானும் இதைத்தான் செய்திருப்பேன், அதனால் இன்னும் பிடிக்கவில்லை.

5

முடிவு ஒன்று: ஹம்ஃப்ரி எழுதுகிறான். மூன்று வாலுக்கும் மூன்று உடம்பு ஒட்டுகிறான், முன்னதைவிட நன்றாகவே வருகிறது. திங்கட்கிழமை ஊர் அழுகிறது. (அநேகமாக இதுதான் நடந்திருக்கும். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: டோபியஸுக்குப் பதிலாக வந்தவனின் சுருளில் ஹம்ஃப்ரி ஒரே ஒரு வார்த்தையை மூன்று தடவை எழுதிக் கொடுக்கிறான். ரோலண்டிடம் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை பிற்பகல், கொட்டகை நிறைந்த கூட்டம். கட்டிலில் கிடக்கிற மகள் கேட்கிறாள், "அப்பாவா?"

ரோலண்ட் தன்னுடைய மூன்று வார்த்தைக்காக நிற்கிறான். வரவில்லை. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

"அப்பாவா?"

மேடைக்கு முன்னால் முற்றத்தில் நின்றபடி கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். திரைக்குப் பின்னால் ஹம்ஃப்ரி நிற்கிறான். நான்கு எட்டு வைத்தால் மேடை. அவன் திரையை விலக்கி—

இதற்குமேல் எனக்குப் போகவில்லை. "வந்துட்டேம்மா" என்று எழுதினேன், அது அவனுடைய பழைய பொய்தான். "இல்லம்மா, பக்கத்து வீட்டுக்காரி" என்று எழுதினேன். உண்மை, ஆனால் அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை. இரண்டையும் அடித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்திருக்கிறேன்.

அவள் மூன்றாம் தடவையாகக் கேட்கிறாள். யாராவது பதில் சொல்லுங்கள்.