கரி பஸ்ஸின் கடைசி சீட்டு

"தள்ளுங்க, நல்லா தள்ளுங்க! இந்தக் கம்மாக் கரை மேட்ட ஏறிட்டா அங்கிட்டுப் பள்ளந்தான்" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தபோது, ஞானசெல்வி பஸ்ஸின் பின்தகரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றியிருந்தாள். இடப்பக்கம் மீமிசல் மூக்காயி. கருவாட்டு வியாபாரி; தள்ளுவதைவிட அதிகம் பேசுகிறவள். வலப்பக்கம் கீரமங்கலம் ரெங்கசாமி பத்தர். நகை வேலை செய்கிறவர். அவர் ஒரு கையால்தான் தள்ளினார். மறு கை தோளில் தொங்கிய கோணிப்பையைப் பிடித்திருந்தது. ஆகவே அவரை அரை ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பஸ் பாதி மேடு ஏறி, இருமி, செத்துப்போய் நின்றது. ஆலங்குடி தாண்டி இது மூன்றாவது தடவை.

சண்டை முடிந்து மூன்று வருஷமாகிறது. வெள்ளைக்காரன் போனான், போன மாசியோடு புதுக்கோட்டை சமஸ்தானமும் போனது. கரி பஸ் மட்டும் போகவில்லை. பெட்ரோலுக்கு இன்னமும் கூப்பன். அந்தக் கூப்பனில் முதலாளியின் காருக்குப் போகத்தான் பஸ்ஸுக்கு. எனவே அறந்தாங்கியிலிருந்து கீரமங்கலம் வழியாகப் புதுக்கோட்டை போகும் இந்த பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, பக்கத்திலுள்ள சக்கரத்தைக் கையால் சுற்றிக் காற்று ஊத வேண்டும். உள்ளே கிளம்பும் புகைதான் என்ஜினுக்குச் சாப்பாடு. சாப்பாடு சரியில்லையென்றால் என்ஜின் கோபித்துக்கொள்ளும்.

இன்றைக்குச் சாப்பாடு நனைந்துவிட்டது. கிளீனர் மதுரைவீரன் கூரையிலிருந்து கரி மூட்டையை இறக்கி வாயைப் பிரித்தான். உள்ளேயிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது.

"தார்ப்பா எங்கடா?" என்றார் டிரைவர் அழகுமலை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

"கருவாட்டு மேல கெடக்குதுண்ணே."

எல்லோரும் மூக்காயியைப் பார்த்தார்கள். அறந்தாங்கியில் மழை பிடித்தபோது அவள் போட்ட கூப்பாட்டில்தான் தார்ப்பாய் கரியிலிருந்து கருவாட்டுக்கு இடம் மாறியது.

"என்ன பாக்குறீக? கருவாடு நனைஞ்சா நாறிப்போகும்ல?"

"நனையாட்டி மட்டும் சந்தனமா மணக்குதாக்கும்?" என்றார் பத்தர்.

"ஒமக்கென்னய்யா, தங்கம் நனைஞ்சா தொடச்சு வச்சுக்குவீரு!"

ஞானசெல்வி சிரிக்கவில்லை. கண்டக்டரிடம் மணி கேட்டாள். இரண்டே முக்கால். ஏறியதிலிருந்து நாலாவது முறையாக அவள் மணி கேட்பதை மூக்காயி குறித்துக்கொண்டாள். மூக்காயியின் கண்ணுக்குத் தப்பியது இந்த ஜில்லாவில் குறைவு. ஞானசெல்வி கீரமங்கலத்தில் ஏறும்போதே விசாரித்துவிட்டாள்: தனியாகத்தான் போகிறாயா, புருஷன் எங்கே, கொழும்புக் கடையிலா, குழந்தை இல்லையா, எங்கிட்டுப் பயணம். கடைசிக் கேள்விக்கு மட்டும் "ஆத்தா வீட்டுக்கு" என்று பதில் கிடைத்தது. பொய்யில்லை. ஆத்தாவுக்கு உயிர் இல்லை என்பதைத்தான் அவள் சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸே திரும்பி உட்கார்ந்து துக்கம் விசாரிக்கும். அழுதபடி பதினேழு பேருக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

விடிகாலையில் அண்ணன் சந்தனராஜ் சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தான். ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டது. நாலு மணிக்கு அடக்கம். அதற்குமேல் மாதா கோயில் சாமியாருக்கு வேறு ஊரில் பூசை இருக்கிறது. மழைக்காலம் வேறு, வைத்திருக்க முடியாது.

போன மாதம் ஆத்தாவே சொல்லி அனுப்பியிருந்தது, "ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று. ஞானசெல்வி போகவில்லை. கரிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று பதில் அனுப்பினாள். உண்மைதான். ஆனால் இரண்டு வருஷமாக அதே உண்மையையே அனுப்பிக்கொண்டிருந்தாள். கீரமங்கலத்தில் அவள் தெருவே இதைப் பேசியது: மகள் புகைக்குப் பயந்து வீட்டில் இருக்கிறாளாம், அறுபது வயசுக் கிழவி மாதம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறாளாம். தெருவுக்கு வேறு வேலை இல்லை. ஆனால் தெரு சொன்னதில் தப்பும் இல்லை.

"இந்த ஈரக் கரியில ஆவிதான் வரும், கேஸ் வராது" என்றான் மதுரைவீரன். "ஆலங்குடிக்கு நடந்து போயி, காஞ்ச கரி வாங்கியாரணும்."

"எம்புட்டு நேரமாகும்?"

"போக வர ரெண்டு மணி நேரம் வைங்க."

ஞானசெல்வி பஸ்ஸுக்குள் ஏறித் தன் பையை எடுத்துக்கொண்டாள். சாலையில் நடக்கத் தொடங்கினாள்.

"அடியே புள்ள! எங்கிட்டுப் போற?" மூக்காயி கூவினாள். "டிக்கெட்டு எடுத்துட்டு நடந்து போற கூத்த இப்பத்தான் பாக்குறேன்!"

அவள் நிற்கவில்லை. மூக்காயி பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திருப்பினாள். திருப்பிய முகத்தைப் பார்த்ததும் மூக்காயிக்கு வாய் அடைத்தது. அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

"எங்க ஆத்தா செத்துப் போச்சு. நாலு மணிக்கு எடுத்துருவாக. சூசையப்பர்பட்டி. இன்னும் அஞ்சு மைலு இருக்கு. விடுங்க."

ஆவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பத்துப் பன்னிரண்டு வேதக்காரக் குடும்பங்கள் சாலையோரம் குடியிருக்கும் ஊர் அது. பஸ் அங்கே கைகாட்டினால்தான் நிற்கும்.

தொட்டிக்கு அருகே குனிந்திருந்த மதுரைவீரன் நிமிர்ந்தான்.

"சூசையப்பர்பட்டியா? எந்த ஆத்தா?"

"ஜெபமாலையம்மா."

அவன் கையிலிருந்த இரும்புக் கம்பி கீழே விழுந்தது. அழகுமலை கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"வெள்ளச் சீல, இடுப்புல சுருக்குப்பை, கடைசி சீட்டுல ஒக்காருமே, அந்த ஆத்தாவா?" என்றான் மதுரைவீரன்.

"இல்ல. எங்க ஆத்தா முன் சீட்டுலதான் வரும்." ஒவ்வொரு தடவையும் வந்து இறங்கியதும் ஆத்தா அதைத்தான் முதலில் சொல்லும்: முன் சீட்டுல காத்தோட்டமா ராணியாட்டம் வந்தேன், ஒரு பொட்டுப் புகை இல்ல. கைகளில் கரி அப்பியிருக்கும். பஸ்ஸுக் கம்பியப் பிடிச்சேன், அம்புட்டுத்தான் என்று சொல்லும்.

"முன் சீட்டா!" அழகுமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "ஏந்தாயி, ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்தப் பய தொட்டி மூடியத் தெறந்து எட்டிப் பாத்தான். புகை அடிச்சுச் சுருண்டு விழுந்துட்டான். நாங்க அத்தன ஆம்பளைங்களும் வாயப் பொளந்து நின்னோம். ஒங்க ஆத்தாதான் இவனக் காத்துப் பக்கமா இழுத்துப் போட்டு, தண்ணி தெளிச்சு, மடியில வச்சு விசிறுச்சு."

"கண்ணு முழிச்சுப் பாத்தா, என்னய மரத்தடியில படுக்க வச்சுட்டு, சக்கரத்த அதுவே சுத்திக்கிட்டு இருக்குது" என்றான் மதுரைவீரன். "அன்னையிலருந்து கடைசி சீட்டுதான். முன்னால வா ஆத்தான்னா வராது. 'நீ மறுபடி விழுந்தா இவனுகள்ல எவன்டா பாப்பான்'ன்னும். வண்டி நின்னா எனக்கு முந்தி இறங்கிச் சக்கரத்தப் பிடிக்கும்." கீழே விழுந்த கம்பியை எடுத்தான். "மக வீட்டுக்குப் போறேன், மகளுக்குப் புகை ஆகாதுன்னு சொல்லும். அது நீங்கதானா?"

ஞானசெல்வி சாலையைப் பார்த்தாள். புகை ஆகாத மகள் என்று ஒரு பஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அடுத்து நடந்ததை மூக்காயி பின்னால் நாலு சந்தையில் சொன்னாள். சொல்லும்போது தார்ப்பாயை மட்டும் விட்டுவிடுவாள். நேரே பத்தரிடம் போனாளாம்.

"அந்தப் பையில என்னய்யா வச்சிருக்கீரு?"

"அரிசி."

"அரிசி எந்த ஊருலய்யா வேட்டியக் கறுப்பாக்கும்?"

பத்தரின் வேட்டியில், பை உரசிய இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. கொட்டாங்கச்சிக் கரி. தங்கம் உருக்க அதைப் போலச் சூடு கொடுக்கும் கரி வேறில்லை. எல்லோருக்கும் ஏறும்போதே தெரியும். கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று கேட்காமல் இருந்தார்கள். இப்போதும் யாரும் கேட்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் கண்மாயைப் பார்த்தார். ஒரு மனிதரைச் சுற்றி நின்றுகொண்டு எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதைவிடக் கொடுமை ஒன்றுமில்லை.

"மூணு கல்யாணத்துக்குத் தாலி உருக்கணும்" என்றார் பத்தர், யாரிடமும் இல்லாமல். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றினார். "ஒரு சின்னக் குத்துப் போதும் எனக்கு. மிச்சத்தக் கொட்டிக்க. பாத்துக் கொட்டுடா, தூளாக்கிறாத!"

மதுரைவீரன் ஈரக் கரியை வாரி வெளியே போட்டான். பத்தரின் கரி உள்ளே போனது. சக்கரத்தை முதலில் பிடித்தவள் மூக்காயி. நூறு சுற்றுச் சுற்றினாள், ஒரு வார்த்தை பேசாமல். பிறகு அழகுமலை, கண்டக்டர், பத்தர். பத்தர் இந்தத் தடவை இரண்டு கையாலும் சுற்றினார். ஞானசெல்வி தன் முறைக்கு வந்தபோது, "வேண்டாந்தாயி, ஒனக்குப் புகை ஆகாது" என்றாள் மூக்காயி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஞானசெல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தவில்லை. தலை சுற்றியதா இல்லையா என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதுரைவீரன் குழாய் வாயில் தீக்குச்சி கிழித்து வைத்தான். நீலமாகப் பற்றியது. கேஸ் தயார். பஸ் உறுமியபோது பதினெட்டுப் பேரும் குழந்தை பிறந்ததுபோல் சிரித்தார்கள். பிறகு காரியம் ஞாபகம் வந்து, சிரித்த வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞானசெல்வி ஏறியதும் கண்டக்டர் முன் சீட்டைக் காட்டினார். அவள் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தொட்டி கனன்றது. தகர இடுக்கில் புகை கசிந்தது. மூக்காயி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டே வந்தாள். அந்த முந்தானையின் வாசனைக்குக் கரிப்புகையே தேவலை. ஆனால் அதை விலக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கல்லறைத் தோட்டம் சாலையோரத்தில்தான். கால் மைலுக்கு முன்பே அழகுமலை ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவில்லை. நாலு மணி பத்து. பெட்டி குழிக்கு அருகே இருந்தது. மூடியைக் கையில் வைத்திருந்த சந்தனராஜ் அப்படியே திரும்பி நின்றான்.

பஸ் ஓரம் கட்டியதும் அவள் குதித்து ஓடினாள். கூட்டம் விலகியது. சாமியார் கடிகாரத்தை அங்கிக்குள் போட்டுக்கொண்டார். ஆத்தாவின் முகத்தை அவள் பார்த்தாள். நெற்றியில் கை வைத்து, கன்னத்துக்கு இறக்கி, நெஞ்சில் கோத்து வைத்திருந்த கைகளுக்குக் கொண்டுவந்தாள். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நகக்கண்களில் மட்டும் கறுப்புப் போகவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள்.

"போதும் செல்வி" என்றான் அண்ணன் மெதுவாக. "எப்புடி வந்து சேந்த? வர மாட்டேன்னுதான் நெனச்சோம்."

"கூட்டிட்டு வந்தாக."

அவன் அப்போதுதான் அவள் பின்னால் பார்த்தான். முகமெல்லாம் கரியாக ஒரு பஸ் ஜனமே வரிசையில் நின்றது. பெட்டி இறங்கியது. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். பிறகு மூக்காயி, வேதக்கார வழக்கம் தெரியாமல் கும்பிட்டு விழுந்து எழுந்து போட்டாள். பத்தர் மண்ணை நிறுத்துப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்து போட்டார். மதுரைவீரன் போட்டான். போட்டுவிட்டுப் போகாமல், இன்னொரு பிடி அள்ளிக்கொண்டு சாலைக்கு ஓடினான்.

அழகுமலை இறங்கவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் அணைந்துவிடும். தொட்டியில் மிச்சமிருந்த கரி இன்னொரு தடவை பற்ற வைக்கக் காணாது. பதினேழு பேர் புதுக்கோட்டை போய்ச் சேர வேண்டும். பஸ் அங்கேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. மதுரைவீரன் ஜன்னலுக்குக் கீழே நின்று கையை உயர்த்தி நீட்டினான். அழகுமலை உள்ளேயிருந்து கையை நீட்டி அந்த மண்ணைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மதுரைவீரன் மண் சிந்தாமல் மறு கையால் மூடிக்கொண்டு, குழியை நோக்கி மெதுவாக நடந்து வந்தான். அவன் வந்து சேரும்வரை ஞானசெல்வி மண்வெட்டிக்காரனைக் கை காட்டி நிறுத்தி வைத்திருந்தாள்.