ஒன்பதாவது வீடு

வீடே இல்லாத இடத்தில் ஒருத்தி தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளை நீளமாக இழுத்துப் பிடித்து, கஞ்சி போட்டுப் பாவு நீட்டும் மைதானத்தின் கிழக்குக் கோடியில் ஏலவார்குழலி அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன குழலி, உள்ள கூப்பிட மாட்டியா?" என்பார்கள் போகிறவர்கள்.

"பால் காய்ச்சிட்டுக் கூப்பிடறேன்" என்பாள் அவளும்.

விஷயம் இதுதான். அறுபத்தெட்டாம் வருஷம், மைதானத்தில் வீடு கட்டித் தருவதாக நெசவாளர் சங்கம் சொல்லிற்று. வடக்கே நாலு, தெற்கே நாலு, நடுவில் பாவு நீட்டச் சந்து. ஒன்பதாவது வீடு சந்தின் கிழக்கு முடிவில், குறுக்காக. பட்டியலில் ஒன்பதாவது பெயர் அவள் புருஷன் உமாபதியுடையது.

புருஷனின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். ஒரே கூடம், இரண்டு தறி, ஏழு பேர். மகள் வடிவு தூக்கத்தில் உருண்டு தறிக்குழியில் விழுந்த நாளிலிருந்து, அவள் இடுப்பில் துணியைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் குழலி படுப்பாள். அரைத்தூக்கத்தில் மைதானத்து வீடு தானாக எழும்பும். சுவர் வரும், ஜன்னல் வரும், பக்கத்துக் குளத்துக் காற்று வரும். குழந்தை புரண்டு துணி இழுபட்டதும் எல்லாம் போய்விடும். பாவம், எத்தனை தடவைதான் கட்டுவாள்!

மூத்த நெசவாளர் குப்புசாமி சும்மா விடுவாரா? சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"எட்டு வூடு போதும்பா! மூணு பொடவைக்கு ஒண்ணா பாவு நீட்டணும். கோடியில வூடு வந்தா பத்து முழம் கொறையுது. மேக்கால பஸ்ஸு போற ரோடு. மீதிய எங்க நீட்டறது, உன் தலையிலயா?"

இரண்டு கட்சியாகி, கத்தித் தீர்த்து, கடைசியில் நீட்டியே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியலில் குளத்துப் பனி மைதானத்தை மூடியிருந்தது. சுவர் வரும் இடமெல்லாம் சுண்ணாம்புக் கோடு. உமாபதியின் அரக்கு நிறப் பாவு ஒன்றையே நீட்டினார்கள். அது குழலியின் கோலத்துக்கு மேலாகப் போய், ஒன்பதாவது வீட்டு வாசல் கோட்டைத் தாண்டி, கொல்லைக் கோட்டுக்கும் அப்பால் ஒரு சாண் தள்ளி நின்றது.

"பாத்துக்கினீங்களா?" என்றார் குப்புசாமி. உமாபதி தலையைக் குனிந்துகொண்டான்.

குழலி பாவு ஓரமாகவே நடந்தாள். கோட்டுக்குள் போய் நின்றாள். பனியில் ஆள் யாரும் தெரியவில்லை. இடுப்பளவில் பட்டு மட்டும் அவள் வாசல் வழியாக வந்து, கொல்லை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு அழகாகப் போகிறது!

"அப்பிடியே போவட்டுமே!" என்று கத்தினாள். "வாசலுக்கு நேரா கொல்லைக் கதவு வைக்கிறேன். விடியக்காலம் ரெண்டையும் தொறந்து வுடறேன். பாவு என் வூட்டுக்குள்ள பூந்து போவட்டும்!"

"வூட்டுக்குள்ள தெருவா? பைத்தியமா உனக்கு?" என்றார் குப்புசாமி.

"ஆமா, பைத்தியந்தான்."

"பாவுக் கஞ்சி சொட்டுமே?"

"தொடச்சிக்கறேன்."

"படுத்துக்கினு இருக்கறவங்க?"

"ஓரமாப் படுக்கறோம் மாமா. இப்ப மட்டும் நடுக்கூடத்துலயா படுத்துக்கினு இருக்கோம்?"

பனிக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குப்புசாமி கொல்லைப்பக்கச் சுண்ணாம்புக் கோட்டை ஒரு கதவளவுக்குக் காலால் அழித்துவிட்டார்; அது அதிசயந்தான்.

வீடு எழும்பிப் பால் காய்ச்சிய மறுநாள் விடியலில் குழலி இரண்டு கதவையும் திறந்தாள். முதல் பாவு குப்புசாமியுடையது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

உள்ளே வடிவு, இடுப்பில் துணி ஏதுமில்லாமல், உருண்டு உருண்டு நடுவீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, இதோ தூக்கிடறேன் மாமா."

"வுடும்மா, தூங்கட்டும்" என்றவர் பின்னால் திரும்பி, "பாவ ஒசத்திப் புடிங்கப்பா" என்றார்.

குழந்தைக்கு மேலே பட்டு மெல்லப் போயிற்று. அன்று வெயில் ஏறிய பிறகும் வடிவு எழுந்திருக்கவில்லை.