குழலுக்குள் கிடந்த மருந்து

லட்லோ நகரத்து ஏலக்கூடமொன்றில் பழைய ஆயுதங்களுக்கு மதிப்புச் சொல்பவள் க்வெண்டா மாப். ஒரு வியாழக்கிழமை காலை, கிளமெண்ட் பெப் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் உரச்சாக்கில் சுற்றிய துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

நெப்போலியனோடு சண்டை நடந்த காலத்துக் குதிரைப்படைத் துப்பாக்கி அது. குழல் ஒரு முழத்துக்கும் குறைவு. ஓடும் குதிரைமேல் வெடிமருந்து கெட்டிக்கும்போது, அதை இடிக்கும் கோல் கைதவறி விழாமலிருக்க, அதைக் குழலின் வாயோடு கீல்போட்டுப் பிணைத்திருந்தார்கள். அந்தக் கீல் பெரும்பாலும் உடைந்திருக்கும், அல்லது யாராவது புதிதாக மாட்டியிருப்பார்கள். இதில் அசலே இருந்தது. கட்டையில் வெட்டிய படைப்பிரிவு எண் மழுங்கவில்லை. இரும்பில் இருநூறு வருடம் தானாக ஏறிய பழுப்பு. சேகரிப்பவர்கள் தவம் கிடப்பது இந்தப் பழுப்புக்குத்தான்.

க்வெண்டா அதை வலப்பக்கம் திருப்பினாள். விசையை மூடிய தகட்டில் கால்வாசி, புளிபோட்டுத் தேய்த்த பாத்திரம்போலப் பளபளத்தது.

"நேத்துதான் ஆரம்பிச்சேன் மேடம்," என்றார் பெப், பெருமையாக. "பாதியில கம்பி நார் தீந்துபோச்சு."

"தீந்ததே நல்லதாப் போச்சு. இனிமே இதுல விரல்கூட வெக்காதீங்க."

பெப்புக்கு முகம் விழுந்துவிட்டது. மச்சான் சொல்லித்தான் தேய்த்தேன் என்று முனகினார். போன பழுப்பு திரும்பாது, ஆனாலும் முக்கால்வாசி பிழைத்தது என்று அவள் சமாதானம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

எந்தத் துப்பாக்கி வந்தாலும் அவள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மெல்லிய மரக்கோலைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பு வரும் இடத்தில் பென்சிலால் குறித்தாள். வெளியே உருவிக் குழலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கோலின் நுனி, குழலின் அடியில் நெருப்பு நுழையும் தீத்துளை வரைக்கும் எட்டவேண்டும். மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றது. மறுபடி விட்டுப் பார்த்தாள். அதே கணக்கு.

இது வீட்டில் எங்கே இருந்தது என்று கேட்டாள். சமையலறையில், அடுப்புக்கு மேலே என்றார். யாராவது எடுத்து விளையாடியதுண்டா?

பெப் சிரித்தார். தானும் தம்பி இட்ரிஸும் வளர்ந்ததே இதை வைத்துத்தான் என்றார். "மூஞ்சிக்கு நேரா வெச்சுத்தான் சுடுவோம். டக்குனு சத்தம் வந்ததும் அவன் செத்து விழணும். ஒருநாளும் ஒழுங்கா விழுந்ததில்ல."

"மிஸ்டர் பெப், இதுல மருந்து கெட்டிச்சிருக்கு. குண்டும் இருக்கு."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பொறி தட்டும் சிக்கிமுக்கிக் கல் அதில் எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் ஒருநாள் ஆற்றங்கரையில் பொறுக்கிய கல்லொன்றை, கல்லைக் கவ்வும் அதன் தாடையில் செருகிப் பார்த்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. கல் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்ததால் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அப்போது அவருக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு.

க்வெண்டா குழலில் எண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தாள். திங்கட்கிழமை பெப் வந்தபோது, பின்முற்றத்தில் வைத்து, முனையில் திருகாணி உள்ள கம்பியால் மெதுவாக உருவினாள். கோலிக்குண்டு அளவில் ஈயக்குண்டு வந்தது. அதன்பின் காகிதம், அதன்பின் கறுப்பு மருந்து. அடியில் இருந்தது எண்ணெய் படாமல் காய்ந்தே கிடந்தது. ஒரு சிட்டிகையை உடைந்த கூரையோட்டின்மேல் வைத்து நீளத் தீக்குச்சியால் தொட்டாள். புஸ்ஸென்று ஆளுயரப் புகை எழும்பியது.

பெப் ஓட்டில் படிந்த கரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைபேசியை எடுத்தார். தாயார் இறந்தபின் ஒரு வைக்கோல் நிலத்துக்காகச் சண்டைபோட்டு, பதினொரு வருடமாகத் தம்பியோடு அவருக்குப் பேச்சு கிடையாது.

"இட்ரிஸ், நான்தான்."

எதிர்முனையிலிருந்து வந்த முதல் கேள்வி: "யாரு செத்தா?"

"யாரும் சாகலடா. நீதான் செத்திருக்கணும்," என்றவர் கைபேசியை நீட்டினார். மிச்சத்தை க்வெண்டாதான் வாங்கிப் பேசினாள்.

அடுத்தநாளே இட்ரிஸ் ஹெர்ஃபோர்டிலிருந்து காரோட்டி வந்துவிட்டார். குண்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "அண்ணே, உன் முறை மட்டுந்தானா? மறுநாள் என் முறைல நானும் உன்ன சுட்டேனே," என்றார். இருவரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். சேகரிப்பாளர் ஹாஸ்லாக் முன்கூட்டியே பார்க்க வந்து, அந்தப் பளபளப்புக்கு ரசாயனம் பூசிப் பழுப்பாக்கி விற்கும்படி க்வெண்டாவிடம் ஜாடையாகச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். தகட்டில் கால்பங்கு சமீபத்தில் தேய்க்கப்பட்டது, குழல் மருந்தோடு வந்து இங்கே காலிசெய்யப்பட்டது என்று பட்டியலில் உள்ளது உள்ளபடி அச்சிட்டாள்.

அக்டோபர் ஏலத்தில் ஹாஸ்லாக்கைத் தாண்டிப்போய் எடுத்தவர், ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர் ஒருவர். உள்ளதைச் சொல்லி விற்கும் இடத்தில் நம்பி வாங்கலாம் என்றார் அவர். குண்டையும் கேட்டார். அது விற்பனைக்கில்லை என்று இரண்டு பெப்புகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிறகு சந்தைச் சதுக்கத்தில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை ஆளுக்கொன்று வாங்கி, நின்றபடியே தின்றார்கள். இரண்டாவது கடியில் இட்ரிஸ் அந்த வைக்கோல் நிலத்தின் பேச்சை எடுத்தார். அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பியும் விடவில்லை. பை ஆறிப்போகும் வரைக்கும் இருவரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை, க்வெண்டா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள்.